வார்டு தேர்தலில் வீடு வீடாக வாக்குக் கேட்பது முடிவை மாற்றுகிறதா, வாக்காளர் கணக்கு முன்பே முடிந்துவிடுகிறதா?

கூத்தப்பாக்கம் வாசி கேட்டது:

எங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தில் சில வாரங்களாக ஒரே விவாதம் நடந்துகொண்டிருக்கிறது. 2022 பிப்ரவரியில் தேர்ந்தெடுக்கப்பட்ட கடலூர் மாநகராட்சி மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது என்பதால், அடுத்த தேர்தலில் கட்சி சாராத ஒருவரைச் சுயேச்சையாக நிறுத்தலாம் என்று சிலர் விரும்புகிறார்கள். மழைநீர் வடிகாலுக்கும் தெருவிளக்குக்கும் மனு எழுதி அலுத்துப்போனவர்கள் அவர்கள்.

சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் இதை ஏற்கவில்லை. எந்தத் தெருவில் எந்தச் சமூகத்தார் எத்தனை குடும்பம், எந்த வீடு எந்தக் கட்சி என்பதெல்லாம் ஏற்கெனவே தெரிந்த கணக்கு என்றும், வேட்பாளர் எத்தனை முறை வாசலில் வந்து கும்பிட்டாலும் அந்தக் கணக்கு அசையாது என்றும் அவர்கள் சொல்கிறார்கள். இளையவர்களோ, வார்டு தேர்தல் என்பதே முகத்தைப் பார்த்துப் போடும் ஓட்டு, ஆகவே வீடு வீடாகச் செல்பவர் வெல்வார் என்கிறார்கள்.

இரண்டில் எது எவ்வளவு உண்மை? வாக்காளர்களின் வயது, பாலினம், சமூகம், தொழில், சொந்த வீடா வாடகை வீடா என்பவை முடிவில் எவ்வளவைத் தீர்மானிக்கின்றன? களத்தில் வேலை செய்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும். எந்தக் கட்சி நல்லது என்ற பேச்சு இங்கே வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

முதுநகர் பழைய முகவர் எழுதியது:

ஐயா, நான் கடலூர் முதுநகரில் ஒரு கட்சிக்குப் பாக முகவராக, அதாவது வாக்காளர் பட்டியலில் ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பாகத்தைக் கவனிப்பவராக, பல தேர்தல்களில் இருந்தவன். இப்போது எந்தப் பொறுப்பிலும் இல்லை. உங்கள் மூத்தவர்கள் சொல்வது சட்டமன்றத் தேர்தலுக்குப் பெருமளவு பொருந்தும். வார்டுக்கு அப்படியே பொருந்தாது. காரணம், அளவு.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அப்போதைய கடலூர் நகராட்சியின் மக்கள்தொகை 1,73,636. அதை 45 வார்டுகளுக்குப் பிரித்தால் ஒரு வார்டுக்குச் சராசரியாக நான்காயிரத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். அவர்களில் வாக்குரிமை உள்ளவர்கள் மூவாயிரம் என்று வைத்துக்கொள்வோம். 2022 நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலில் மாநிலம் முழுவதும் மாநகராட்சிகளில் சுமார் 52 விழுக்காடும், நகராட்சிகளில் சுமார் 68 விழுக்காடும், பேரூராட்சிகளில் 74 விழுக்காட்டுக்கு மேலும் வாக்குகள் பதிவாயின. ஊர் சிறியதாக ஆக ஆக வாக்களிக்க வருபவர்கள் கூடுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள். உங்கள் வார்டில் இரண்டாயிரம் பேர் வாக்களித்து, அது நான்கைந்து வேட்பாளர்களுக்கிடையே பிரிந்தால், எழுநூறு எண்ணூறு வாக்குகள் பெற்றவரே கவுன்சிலராகிவிட முடியும். அது ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று பந்தியில் சாப்பிட்டு எழும் கூட்டம். அந்த அளவில் ஐம்பது வாக்குகள் இடம் மாறினால் முடிவே மாறிவிடும்.

இனி, அந்தக் 'கணக்கு' எப்படித் தயாராகிறது என்பதைச் சொல்கிறேன். வாக்காளர் பட்டியலில் பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வீட்டு எண், வயது, பாலினம், வாக்காளர் அட்டை எண், புகைப்படம் போன்றவைதான் இருக்கும். சமூகமோ தொழிலோ கைபேசி எண்ணோ இருக்காது. அவற்றையெல்லாம் அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த ஒருவர் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறார். எங்கள் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குறி இருக்கும்: நம்முடையது, எதிர், கேட்டால் வரும், ஊரில் இல்லை, இறப்பு. வெளியிலிருந்து பார்ப்பவர்கள் முதல் இரண்டு குறிகளை எண்ணிவிட்டு முடிவைச் சொல்லிவிடுகிறார்கள். வேலை தெரிந்தவர்கள் மற்ற மூன்றையும் பார்ப்பார்கள்.

'கேட்டால் வரும்' என்ற குறியின் கீழ் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். வாடகை வீட்டுக்காரர்கள், வேறு ஊரிலிருந்து திருமணமாகி வந்த மருமகள்கள், முதல்முறை வாக்காளர்கள், சிப்காட் ஆலைகளில் ஷிப்டு வேலை பார்ப்பவர்கள். இவர்களுக்குப் பழைய பகையும் இல்லை, பழைய கடனும் இல்லை. கூத்தப்பாக்கம், செம்மண்டலம் போன்ற புதிய குடியிருப்புகள் உள்ள பகுதிகளில் இப்படிப்பட்டவர்கள் அதிகம் இருப்பார்கள். பழைய தெருக்களில் குறைவு. ஆகவே உங்கள் வார்டின் அமைப்பே வாக்குச் சேகரிப்புக்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டையும் எதிரெதிராக வைத்துப் பேசுவதால்தான் உங்கள் சங்கத்தில் விவாதம் முடியாமல் இழுக்கிறது.

'ஊரில் இல்லை' என்ற குறியும் சாதாரணமானதன்று. சென்னையில் வேலை பார்ப்பவர், வெளிநாடு சென்றவர், வீட்டை விற்றுவிட்டு நகரின் மறுபக்கம் போனவர் ஆகிய எல்லோரும் அதில் அடங்குவார்கள். பழைய கதவு எண்ணும் புதிய கதவு எண்ணும் கலந்து கிடப்பதால், ஒரே வீட்டில் கணவர் ஒரு பாகத்திலும் மனைவி இன்னொரு பாகத்திலும் இருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். வாக்குப்பதிவு நாளில் கணவர் ஒரு பள்ளியிலும் மனைவி வேறொரு பள்ளியிலும் நிற்பார்கள். பூத் சிலிப்பை முன்கூட்டியே சரிபார்த்துக் கொடுக்காவிட்டால் ஒருவர் சலித்து வீட்டுக்குத் திரும்பிவிடுவார்.

பெரும்பாலான வார்டுகளில் வீடு வீடாகச் சென்றதன் பலன் கிடைப்பது வாக்குப்பதிவு நாளன்றுதான். வாக்குச்சாவடிக்கு வெளியே பந்தலடியில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் கட்சிக்காரர், காலை பதினொரு மணி வாக்கில், வாக்களித்தவர்களின் வரிசை எண்களை அடித்துக்கொண்டே வந்து, நம்முடையது என்று குறித்த பெயர்களில் யார் இன்னும் வரவில்லை என்று பார்ப்பார். பிற்பகல் மூன்று மணிக்கு மீண்டும் பார்ப்பார். எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், எந்த வீட்டில் குழந்தையை விட்டுவிட்டு வர ஆள் இல்லை என்பது முன்பே அந்த வாசல்வரை போனவருக்குத்தான் தெரியும்.

பெயர் வேண்டாம் எழுதியது:

பட்டியலும் பென்சில் குறியும் வாக்குச் சேகரிப்புக்கு மட்டுமே பயன்படுவதுபோல முகவர் ஐயா எழுதியிருக்கிறார். வாக்குக்குப் பணக் கவர் கொடுப்பதும் அதே பட்டியலைப் பார்த்துத்தானே நடக்கிறது? 2016 மே மாதத்தில் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் ஆகிய இரு தொகுதிகளின் தேர்தலையே பணப் பட்டுவாடா காரணமாகத் தேர்தல் ஆணையம் ரத்து செய்தது. வார்டு மட்டத்தில் அந்த அளவுக்கு யார் கண்காணிக்கிறார்கள்? சுயேச்சையாக நிற்பவர் கும்பிடு போட்டே வெல்வார் என்று நம்பி நல்ல மனிதர் ஒருவரைக் கடனாளியாக்கிவிடாதீர்கள்.

உழவர்கரைக்காரன் எழுதியது:

புதுச்சேரியிலிருந்து எழுதுகிறேன். எங்கள் நிலைமை உங்கள் கேள்விக்கு ஒரு வினோதமான விடை தரும்.

இங்கே உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து, நீதிமன்றத் தலையீட்டின் பின் 2006இல்தான் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011இல் முடிந்தது. அதன்பின் ஐந்து நகராட்சிகளுக்கும் பத்துக் கொம்யூன் பஞ்சாயத்துகளுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லை. 2021இல் தேதி அறிவித்த தேர்தலும் வழக்குகளுக்கிடையே நடக்காமலே போயிற்று. வாய்க்கால் அடைத்துக்கொண்டாலும், முதியோர் உதவித்தொகை நின்றாலும், சாவு விழுந்தாலும் மக்கள் சட்டமன்ற உறுப்பினரின் வீட்டுக்குத்தான் போகிறார்கள். அவரும் கவுன்சிலரைப் போலவே காலையில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

இதற்குத் தொகுதியின் சிறிய அளவும் காரணம். 2021இல் ஏறத்தாழ 10 லட்சம் வாக்காளர்கள் 30 தொகுதிகளில் இருந்தார்கள்; ஒரு தொகுதிக்குச் சராசரியாக 33 ஆயிரம். அதே ஆண்டில் தமிழ்நாட்டில் ஒரு தொகுதிக்குச் சராசரி இரண்டரை லட்சத்துக்கும் மேல். விளைவைப் பாருங்கள்: ஒரே பருவத்தில் நடந்த தேர்தலில், தமிழ்நாட்டின் 234 தொகுதிகளில் ஒரு சுயேச்சைகூட வெற்றிபெறவில்லை, எங்களுடைய 30 தொகுதிகளில் ஆறு பேர் சுயேச்சைகள். ஏனாமில் போட்டியிட்ட ரங்கசாமி அவர்களையே ஒரு சுயேச்சை தோற்கடித்தார். தட்டாஞ்சாவடியில் வென்றுதான் அவர் முதலமைச்சரானார். தெலுங்கு பேசும் ஏனாம், புதுச்சேரியிலிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சிறு நிலப்பகுதி. அங்கே மாநிலம் அறிந்த தலைவரைவிட நாள்தோறும் தெருவில் பார்க்கும் முகம் நெருக்கமாக இருந்திருக்கிறது.

ஆனால் அந்த ஆறு பேரும் தேர்தல் அறிவித்தபின் கதவைத் தட்டத் தொடங்கி வென்றவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊரில் சுயேச்சை என்பவர் பெரும்பாலும் பல ஆண்டுகளாகக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் தவறாமல் போய் வந்தவர், அல்லது கட்சியில் இடம் கிடைக்காமல் வெளியே வந்தவர். தேர்தல் மாதத்து வீட்டுச் சந்திப்பு அந்தப் பழைய உறவை நினைவுபடுத்துவது மட்டுமே. நலச் சங்கத்து ஆட்களுக்கு அந்த உறவு தங்கள் நகர் எல்லைக்கு வெளியே இருக்கிறதா என்பதை நீங்கள்தான் நேர்மையாகப் பார்க்க வேண்டும். வார்டு என்பது உங்கள் நகர் மட்டுமன்று; அதன் பின்புறத்துக் குடிசைத் தெருவும் சேர்ந்ததுதான்.

சிதம்பரம் ஆய்வு மாணவி எழுதியது:

அரசியல் அறிவியல் படிக்கிறேன் என்பதால் ஆய்வுப் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன்.

வீடு வீடாகச் செல்வதன் விளைவை அளந்த ஆய்வுகளில் பெரிதும் பேசப்படுவது, அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் 1998இல் ஆலன் கெர்பர், டொனால்ட் கிரீன் ஆகியோர் ஏறத்தாழ 30 ஆயிரம் வாக்காளர்களைக் கொண்டு நடத்திய கள ஆய்வு. வாக்காளர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலரை நேரில் சந்தித்தும், சிலருக்குக் கடிதம் அனுப்பியும், சிலரைத் தொலைபேசியில் அழைத்தும், சிலரை எதுவும் செய்யாமல் விட்டும் பார்த்தார்கள். நேரில் சந்தித்தவர்கள் வாக்களிக்க வந்தது தெளிவாகக் கூடியிருந்தது. கடிதத்தால் சிறிதளவே கூடியது. தொலைபேசி அழைப்பு பயன் தரவில்லை. ஜோஷுவா கல்லா, டேவிட் ப்ரூக்மன் இருவரும் 2018இல் வெளியிட்ட ஆய்வு, பல கள ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, அமெரிக்கப் பொதுத்தேர்தல்களில் இத்தகைய பரப்புரை வாக்காளரின் மனத்தை ஒரு வேட்பாளரிடமிருந்து இன்னொருவரிடம் மாற்றுவது சராசரியாகப் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கிறது என்று சொன்னது. முகவர் ஐயா பந்தலடி மேசையைப் பற்றி எழுதியதைப் படித்தபோது எனக்கு இவ்விரு முடிவுகளும்தான் நினைவுக்கு வந்தன: ஆளை வரவழைக்க முடியும், மனத்தை மாற்றுவது கடினம். ஆனால் அங்கே வாக்காளருக்கு வேட்பாளரின் கட்சி என்ற அடையாளம் முன்பே மனத்தில் பதிந்திருக்கிறது. அந்த அடையாளம் இல்லாத தேர்தலில் நிலைமை வேறாகலாம். நம் கிராம ஊராட்சித் தலைவர், கிராம ஊராட்சி வார்டு உறுப்பினர் தேர்தல்கள் கட்சிச் சின்னம் இல்லாமல் நடப்பவை என்பதால், அந்த ஆய்வை அப்படியே தூக்கி இங்கே வைக்க எனக்குத் துணிவில்லை.

வாக்காளர் அமைப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கடலூர் மாவட்டத்தில் மக்கள்தொகைக் கணக்கு ஒருபக்கம் சாய்ந்திருப்பதாகப் பேசப்படும் தொகுதிகளிலேயே முடிவுகள் மயிரிழையில் வந்திருக்கின்றன. 2016இல் காட்டுமன்னார்கோயிலில் தொல். திருமாவளவன் 87 வாக்குகளில் தோற்றார். 2021இல் விருத்தாசலத்தில் வித்தியாசம் 862, நெய்வேலியில் 977. இவற்றை வாக்குச்சாவடிகளுக்குப் பிரித்தால் ஒரு சாவடிக்குச் சில வாக்குகளோ அதற்கும் குறைவாகவோதான் வரும். காட்டுமன்னார்கோயில் தனித் தொகுதி. முதன்மை வேட்பாளர்கள் எல்லோருமே பட்டியல் சாதியினர். 'இந்தச் சமூகத்தாருக்கு இத்தனை வாக்கு, ஆகவே அவர்களின் வேட்பாளர் வெல்வார்' என்ற எளிய கணக்கு அங்கே தொடக்கத்திலேயே உடைந்துவிடுகிறது. மற்ற சமூகங்கள் எப்படிப் பிரிந்தன, யார் வாக்களிக்க வந்தார்கள் என்பதே முன்னுக்கு வருகிறது. இடஒதுக்கீடு செய்யப்பட்ட வார்டுகளிலும் இதே இயக்கத்தைப் பார்க்கலாம்.

இன்னொன்று: சாதி, மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது சட்டப்படி முறைகேடு. அது வேட்பாளரின் சாதி, மதத்துக்கு மட்டுமன்றி வாக்காளருடையதற்கும் பொருந்தும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2017 ஜனவரியில் நான்குக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. பென்சில் குறி எழுதுவதை எந்தச் சட்டமும் பார்க்க முடியாது என்பது வேறு விஷயம்.

தேவனாம்பட்டினம் மகளிர் குழு எழுதியது:

எல்லோரும் எத்தனை பேர் என்று எழுதுகிறீர்கள். எந்த நேரம் என்று யாரும் எழுதவில்லை. எங்கள் குப்பத்தில் காலை பத்து மணிக்கு ஓட்டுக் கேட்டு வந்தால் வயதானவர்களும் பள்ளிக்குப் போகாத பிள்ளைகளும்தான் இருப்பார்கள். ஆண்கள் விடியற்காலையிலேயே படகில் போயிருப்பார்கள், இல்லையென்றால் கரைக்கு வந்து மீனை ஏலம் விட்டுக்கொண்டிருப்பார்கள். பெண்கள் கூடையை எடுத்துக்கொண்டு மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் பக்கம் விற்கப் போய்விடுவார்கள். பிற்பகலுக்குமேல் வந்தால், வலை பின்னிக்கொண்டிருக்கும் ஆண்களிடமும், கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடமும் நின்று பேசலாம். கடந்த முறை ஒரு வேட்பாளரின் ஆட்கள் எல்லாத் தெருவிலும் காலை வேளையிலேயே மேளத்தோடு வந்து போனார்கள். அவர்கள் கணக்கில் எங்கள் தெருவைப் பார்த்தாயிற்று. எங்களில் யாரும் அவரைப் பார்க்கவில்லை.

மீனவர் குப்பங்களில் ஊர்ப் பஞ்சாயத்து முடிவெடுத்தால் எல்லா ஓட்டும் ஒரே பக்கம் போகும் என்று வெளியில் பேசுவார்கள். முன்பு அதில் ஓரளவு உண்மை இருந்தது. இப்போது ஊர்க் கூட்டத்தில் பேசுவது ஆண்கள். ஓட்டுப் போடுவது ஆண்களும் பெண்களும். மகளிர் குழுவில் கடன், வட்டி, நிவாரணத் தொகை என்று பேசும்போது, எந்த வேட்பாளர் எந்த நாளில் எங்களோடு தாலுகா அலுவலகத்துக்கு வந்தார் என்பதும் பேச்சில் வரும். அது ஊர் முடிவுக்குள் அடங்குவதில்லை.

உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்று 2016இல் சட்டம் ஆகியும், ஓட்டுக் கேட்க வரும்போது வேட்பாளரின் கணவர் கும்பிட்டபடி முன்னால் நடக்கிறார். வேட்பாளர் பின்னால் வருகிறார். அப்படி வரும் வீட்டில் பெண்கள் தலையாட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். வேட்பாளரே அடுப்படிவரை வந்து உட்கார்ந்து பேசினால் அந்தப் பேச்சு பக்கத்து வீட்டுக்கும் போகும்.

கூத்தப்பாக்கம் வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. அடுத்த சங்கக் கூட்டத்தில் இவற்றை வாசிக்க இருக்கிறேன். பணத்தைப் பற்றிக் கேட்டவருக்கு முகவர் ஐயா ஏதாவது சொன்னால் நன்றாக இருக்கும். கூடவே, தேர்தலுக்கு இன்னும் நேரம் இருக்கும் நிலையில் எங்கிருந்து தொடங்குவது என்றும் சொல்லுங்கள்.

முதுநகர் பழைய முகவர் எழுதியது:

பணம் இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இரண்டு மூன்று பேர் கொடுக்கும் வார்டில் பணம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டுபோகிறது. வாங்கியவர் யாருக்குப் போடுவது என்று மீண்டும் முகத்தைத்தான் பார்க்கிறார். ஒருவர் மட்டும் கொடுக்கும் வார்டில் மற்றவருக்கு மிகவும் கடினம். உங்கள் வார்டு எந்த வகை என்பதைக் கடந்த தேர்தலில் நின்றவர்களிடமே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தொடங்க வேண்டியது பட்டியலிலிருந்து. உள்ளாட்சிக்குத் தனிக் கணக்கெடுப்பு கிடையாது. சட்டமன்றத் தொகுதிப் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரிக்கிறார்கள். 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் வாடகை வீடு மாறியவர்கள் பெயர் விடுபட்டிருக்கலாம். உங்கள் ஆதரவு எங்கே அதிகம் என்று நினைக்கிறீர்களோ அங்கேதான் இப்படி விடுபட்டவர்களும் அதிகம் இருப்பார்கள். புதிதாகச் சேர்வதற்குப் படிவம் 6, முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8. இந்த வேலைக்காக வீட்டு வாசலுக்குப் போவதே முதல் சந்திப்பாக அமையும். அப்போது ஓட்டுக் கேட்க வேண்டியதே இல்லை. உழவர்கரை நண்பர் சொன்ன பின்தெருவையும் இதிலிருந்தே தொடங்குங்கள். தேவனாம்பட்டினம் அம்மா சொன்னதுபோல, அந்தத் தெருவில் யார் எந்த நேரத்தில் வீட்டில் இருப்பார்கள் என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வேட்பாளரை இப்போதே அறிவித்துவிடாதீர்கள். வார்டு எல்லையும் ஒதுக்கீடும் எப்படி வரும் என்பது அரசாணை வந்தபின்தான் தெரியும். பட்டியல் சாதியினருக்கான இடங்கள் மக்கள்தொகை விகிதப்படியும், பெண்களுக்கு மொத்தத்தில் பாதியும் ஒதுக்கப்படும். உங்கள் வார்டு எதில் விழும் என்று இன்று உறுதியாகச் சொல்ல இயலாது. ஒருவரையே நம்பி ஓராண்டு வேலை செய்துவிட்டு, கடைசியில் அவர் நிற்கவே முடியாமல் போன வார்டுகளை நான் அறிவேன். ஆகவே பட்டியல் வேலைக்குப் போகும்போதே சங்கத்திலிருந்து ஓர் ஆணும் ஒரு பெண்ணும் சேர்ந்து போகட்டும். அந்தப் பெண் யாருடைய மனைவியாகவும் அல்லாமல் தன் பெயரிலேயே அறிமுகமாகட்டும்.